காது ஆபீசில் வடிந்தது

நடுத்தேரியில் ரேடியோப் பெட்டியிலிருந்து சளி வடியத் தொடங்கியது யுத்தத்தின் மூன்றாம் வருஷம், ஆடி மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. அதை முதலில் பார்த்தவன் நான், முதலில் தொட்டவன் நான், தொட்ட விரலை முகர்ந்து பார்த்துவிட்டு உடைமுள் வேலி வரைக்கும் ஓடிப் போய் வாந்தி எடுத்தவனும் நான்தான். ஆகவே இதைப் பற்றி ஊரில் உலவும் மற்றக் கதைகளை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பெட்டியின் முன்பக்கம் சத்தம் வரும் இடத்தில் ஒரு பழுப்புத் துணி ஒட்டியிருக்கும் அல்லவா, அந்தத் துணியின் கண்களுக்குள்ளிருந்து, மழைக்காலத்தில் பிள்ளைகளின் மூக்கிலிருந்து இறங்குவது மாதிரி, அவசரமில்லாமல் இறங்கியது.

என் பெயர் வேதமாணிக்கம். அதே கட்டடத்தில், அது மிஷன் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில், பதினோரு வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொன்னவன். ராணுவம் வந்து பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டு, பனைமரத்துக்குப் பனைமரம் கம்பி இழுத்து, உள்ளே ஒரு ரேடியோப் பெட்டியை வைத்தபோது, தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் என்று என்னையும் அந்தப் பெட்டியோடு சேர்த்து வைத்துக்கொண்டது. தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் எதிரியின் ஒலிபரப்பு சுத்தமாக விழுகிறது என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஜப்பான்காரன் தமிழில் பேசினான், ஜெர்மன்காரன் தமிழில் பேசினான், பிடித்த நாட்டிலெல்லாம் ஒரு தமிழனைப் பிடித்து மைக் முன்னால் உட்காரவைத்து நம் ஊர் ஜனங்களைக் குறிவைத்துப் பேசினார்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடி எழுதி, இங்கிலீஷில் பெயர்த்து, மத்தியானத் தபாலில் மேலே அனுப்புவது எங்கள் வேலை. ஊர்க்காரர்கள் அதற்குக் காது ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள்.

காது ஆபீசில் ஒரே ஒரு சட்டம், கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தது: கேட்டது கேட்டபடி. கேட்டதை எழுத வேண்டும், கேட்காத இடத்தில் புள்ளி வைக்க வேண்டும், நம் கருத்து என்று ஒன்றும் கூடாது. சென்னைப் பட்டணம் எரிந்து சாம்பலாகிவிட்டது, மக்கள் எலியைச் சுட்டுத் தின்கிறார்கள் என்று எதிரி சொன்ன அன்றைக்குச் சென்னையிலிருந்து என் மைத்துனன், மாம்பழம் மலிந்து கிடக்கிறது என்று கடுதாசி போட்டிருந்தான். கடுதாசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே எலியை எழுதினேன். பொய் என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதினால்கூட சீட்டுக் கிழியும். இப்படி ஆறு மாதம் அள்ளி அள்ளிக் காதில் வாங்கினால் எந்த வயிறுதான் குமட்டாது? எங்கள் வயிறு தாங்கிக்கொண்டது, பெட்டிக்குத்தான் முதலில் தாங்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களுக்கு மேலதிகாரி விட்லாக் துரை. அவர் சளியைக் குச்சியால் கிளறிப் பார்த்தார், கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார், பிறகு, எதிரி பொய் சொல்லும்போது மட்டும் வடிகிறது என்பதைக் கண்டுகொண்டு குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். உண்மைதான், நேரம் சொல்லும்போது வடியாது, அலைவரிசை சொல்லும்போது வடியாது, நாதஸ்வர இசைத்தட்டு போடும்போது ஒரு சொட்டு வராது. "அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே" என்றதும் துணி நனையத் தொடங்கும். ஜெர்மன்காரனுடையது கறுப்பாக, தார் மாதிரி, கத்தியால் சுரண்டினால்தான் வரும். ஜப்பான்காரனுடையது மஞ்சள், இளசு, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அழுகின பலாச்சுளை வாடை. எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு போகும், காக்கை கிட்டவே வராது. எதிரியின் பொய் எப்படி நாறுகிறது பாருங்கள் என்று துரை சந்தை நாளில் புட்டியோடு பெஞ்சின்மேல் ஏறி நின்று சொன்னார். அதை நான்தான் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் துரை கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

சளியை அள்ள ஆள் வேண்டியிருந்தது. ஊரில் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் தங்கபுஷ்பம் வந்தாள். கள்ளர்வெட்டு ஓடைக்குப் போகும் வழியில் தனிக்குடிசை, பிள்ளை குட்டி இல்லை, புருஷன் பட்டாளத்தில் சமையல்காரனாகச் சேர்ந்து கப்பலேறிப் போனவன், சிங்கப்பூர் விழுந்த மாசியிலிருந்து அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு தகரத் தட்டும் பழைய கரண்டியும் கொண்டுவந்திருந்தாள். பெட்டிக்குக் கீழே தட்டை வைத்து உட்கார்ந்தவள், முந்தானையை எடுத்து இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள், அதில் ஒரு பொட்டுப் படக் கூடாது என்று.

"இந்த வேலைக்கு ஏன் வந்தே?" என்று கேட்டேன். "நாத்தம் குடலைப் பிடுங்கும்."

"பிடிபட்டவுக பேரெல்லாம் இந்தப் பெட்டியில சொல்லுதாவளாமே, நெசமா அண்ணாச்சி?"

நெசம். வாரத்தில் இரண்டு நாள், காலை ஒலிபரப்பின் கடைசியில், சிறைப்பட்ட நம் ஆட்களின் சேதிகளை வாசிப்பார்கள். இன்ன ஜில்லா, இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், நான் நலம், கவலை வேண்டாம். அந்த ஒரு சேதிக்காக வீட்டு ஜனங்கள் மற்றப் புளுகையும் சேர்த்துக் கேட்பார்கள் என்பது எதிரியின் கணக்கு. அதனாலேயே, பெயர்களை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் ஆட்களின் உத்தரவு. பெயர்கள் மேலே போகும், ஏதோ ஒரு காகிதக் கட்டோடு கட்டி வைக்கப்படும், அவ்வளவுதான். வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்கள். சத்தியத்தின் பேரில் நான் மென்று விழுங்கிய பெயர்கள் இருக்கின்றன. பரமன்குறிச்சியில் மூன்று, குலசேகரன்பட்டினத்தில் ஒன்று, என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையனுடையது ஒன்று. அவன் தகப்பன் சந்தையில் என்னைப் பார்த்தால் கும்பிடுவார், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

தங்கபுஷ்பம் மடியிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினாள். பட்டாளத்தில் சேர்ந்தபோது கொடுத்த சீட்டு, ரா. லிங்கத்துரை என்று அச்சில் இருந்தது. புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள், அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். கடையில் புருஷன் பேருள்ள சாமானைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள்.

"இந்தப் பேரு வந்துச்சுன்னா எங்கிட்டச் சொல்லுவீயளா?"

"சொல்றேன்" என்றேன். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

இனி ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் கூசுகிறது. ஒரு அசிங்கத்தை அசிங்கம் என்று ஒதுக்கி வைக்க ஊருக்கு ஒன்பது நாள்கூடப் பொறுமை இல்லை. யுத்தகாலம், விளக்கெண்ணெய் கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது, பர்மா அரிசி நின்று போய் எட்டு மாதம். வண்டிப்பேட்டை ஆவுடையப்பன்தான் ஆரம்பித்து வைத்தான். சக்கர அச்சுக்குப் போட வண்டிமை இல்லாமல் வண்டிகள் ஊளையிட்டுக்கொண்டிருந்ததால், குழி தோண்டிக் கொட்டி வைத்த சளியில் ஒரு சிரட்டை அள்ளிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் பூசினான். சக்கரம் சத்தமில்லாமல், மாட்டுக்கே தெரியாமல் உருண்டது. என்ன, வண்டிதான் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. சாத்தான்குளத்துக்கு என்று கிளம்பிய உப்பு வண்டி உடன்குடியில் போய் நின்றது, இதுதான் சாத்தான்குளம் என்று வண்டிக்காரன் அடித்துப் பேசினான், கொஞ்ச நேரம் அவனோடு சண்டை போட்டுவிட்டு, சண்டை போடுவதைவிட உப்பு வாங்குவது சுலபம் என்று உடன்குடிக்காரர்களும் ஆமாம் சாத்தான்குளம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்த வண்டி எங்கே போனாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

அடுத்தது விளக்கு. முக்கந்தர் தெருவில் செல்லக்கனி என்று ஒரு பெண், நான்கு பிள்ளைகள், எரிக்க எண்ணெய் இல்லாத ஒரு சாயங்காலம் அகலில் இந்தச் சளியை ஊற்றித் திரி போட்டிருக்கிறாள். எரிந்தது. வெளிச்சம் பொன்னாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில், சட்டியில் இருந்த புளித்த கம்பங்கஞ்சி, பருக்கை பருக்கையாக ஆவி பறக்கும் சம்பாச் சோறாகத் தெரிந்தது. பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்றன, விரலை நக்கின, சிரித்துக்கொண்டே படுத்தன. விடிந்த பிறகு பார்த்தால் அதே ஒட்டின வயிறு, எண்ணிவிடலாம் போன்ற விலா. ஆனால் விடிந்த பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்? மறுநாள் தெரு முழுக்க அகலோடு ஆபீஸ் வாசலில் நின்றது, அதற்கு மறுநாள் ஊரே செம்பும் சட்டியும் தூக்குவாளியுமாக நின்றது, தங்கபுஷ்பம் கரண்டியால் ஊற்ற ஊற்ற, நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தா தாயீ, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாராவ" என்று கெஞ்சியது.

ஒரே மாதத்தில் நடுத்தேரியில் பகலில் சாப்பிடுவது மரியாதைக்குறைவு என்று ஆகிவிட்டது. பகலில் உண்பவர்கள் ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, விளக்கேற்றிக்கொண்டு உண்டார்கள். பெண் பார்க்கிற சடங்கு அந்த வெளிச்சத்தில்தான், பிணத்தைக் கிடத்தினால் தலைமாட்டில் அந்த விளக்குத்தான், செத்தவன் முகம் தூங்குகிற மாதிரி இருக்கும். மாதா கோயிலில் உபதேசியார் முதல் ஞாயிறு வேண்டாம் என்றார், இரண்டாம் ஞாயிறு ஆலோசிப்போம் என்றார், மூன்றாம் ஞாயிறு பீடத்தில் எரிந்தது. அம்மன் கோயில்காரர்கள் வேதக்காரர்களுக்குக் கொடுத்தது எங்களுக்கு இல்லையா என்று சண்டைக்கு வந்தார்கள். நாற்றம்? பழகிவிட்டது. மல்லிகைப் பூ வாடை தலைவலிக்கிறது என்று சொல்லும் பெண்களை என் காதால் கேட்டேன். தூ என்று துப்பத் தோன்றியது. ஆனால் எங்கே துப்புவது, இந்த ஊரில் துப்பினால் அதையும் ஒருத்தன் சிரட்டையில் பிடிப்பான்.

நான் மட்டும் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாள் நானும் ஒரு அகல் ஏற்றினேன். கண்ணாடியில் பார்த்தேன். நேர்மையான ஒரு வாத்தியார் நின்றார், யாருடைய சேதியையும் விழுங்காதவர், பார்க்கப் பார்க்க எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது. திரியை விரலால் நசுக்கி அணைத்தேன், தோல் பொத்துவிட்டது.

ஊரிலேயே அந்தச் சளியை வீட்டுக்கு எடுத்துப் போகாதவள் அதை அள்ளியவள் ஒருத்திதான். அவள் குடிசையில் புன்னை எண்ணெய்தான் எரிந்தது, புகைந்து புகைந்து எரியும், சுவரெல்லாம் கரி.

"ஊரே கொண்டுபோவுது, நீ ஏன் எடுக்கல?" என்று கேட்டேன்.

"அவுக போட்டோ ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. சாயங்காலம் விளக்க வச்சா அதைத்தான் முதல்ல பாப்பேன். இந்த எழவு வெளிச்சத்துல பாத்தா எனக்குப் பிடிச்ச மாதிரித் தெரிவாவ. அது அவுக இல்லல்லா."

இதற்கு நடுவில் ஐப்பசியில் நடந்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மழையில் கம்பி ஈரமாகி, பெட்டியின் முள்ளைத் திருப்பும்போது கை வழுக்கி, எதிரியின் நிலையத்துக்குப் பதிலாக நம் சர்க்கார் நிலையத்தின் தமிழ்ச் செய்தி விழுந்துவிட்டது. நம் படைகள் முன்பே திட்டமிட்டபடி பின்வாங்கின என்றார்கள். மாகாணத்தில் அரிசிக் கையிருப்புப் போதுமான அளவில் இருக்கிறது, மக்கள் பீதியடைய வேண்டாம் என்றார்கள். தங்கபுஷ்பத்தின் தட்டு நிறைந்து, வழிந்து, என் செருப்புவரைக்கும் வந்துவிட்டது. வெள்ளையாக, நுரையோடு, ஆஸ்பத்திரிச் சோப்பு வாடை. மற்றதைவிட இது எனக்கு அதிகமாகக் குமட்டியது, சுத்தமான வாடையாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

துரையைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் இந்தத் தடவை குச்சியை எடுக்கவில்லை. பிறகு கரும்பலகையில் கேட்டது கேட்டபடி என்பதற்குக் கீழே இரண்டாவது சட்டம் ஒன்றை எழுதச் சொன்னார்: இந்தக் கட்டடத்தில் நம் நிலையத்தைத் திருப்பக் கூடாது. நான்தான் எழுதினேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. அந்த நுரைச் சளியையும் ஊர் விடவில்லை, தலைக்குத் தேய்த்தால் பேன் சாகிறது என்று கண்டுபிடித்து, அன்று சாயங்காலத்துக்குள் குழியை வழித்துக்கொண்டு போய்விட்டது. "பெட்டி ரிப்பேர், அவ்வளவுதான்" என்று துரை என்னிடம் சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். வெள்ளைக் கைக்குட்டை அவர் பைக்குள் போகும்போது மஞ்சளாக இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த நாட்களில் எனக்கும் காலையில் எழுந்தால் வாயில் பலாச்சுளை வாடை அடித்துக்கொண்டிருந்தது, வயிறு சரியில்லை என்று சுக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வேலை செய்த விதத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். பெட்டி எனக்குப் பக்கவாட்டில். சத்தம் என் காதுக்கு மட்டும். நான் சொல்லைக் கேட்பேன், சளியைப் பார்க்க மாட்டேன். அவள் சளியைப் பார்ப்பாள், சொல் அவளுக்குக் கேட்காது. நான்கு மாதம் அப்படி ஒரு அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒலிபரப்பு முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும், "நாலாவதா பேரு வந்தவரு என்ன சொன்னாரு அண்ணாச்சி?" என்பாள். "நலமா இருக்கேன்னார்." "ரெண்டு சொட்டு விழுந்துச்சு. காய்ச்சலா இருக்கும். அடுத்த ஆளு?" "அவரும் நலம்." "அவருக்கு அரைக் கரண்டி. காலோ கையோ போயிருக்கு, பாவம்." பெயர் கேட்க மாட்டாள், நான் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தன் சீட்டில் உள்ள பெயர் வந்தால் நானே சொல்வேன் என்ற நம்பிக்கையில் மற்றதை விட்டுவிட்டாள்.

கைதிகளின் உடம்பைச் சொட்டுக் கணக்கில் படிக்க அவள் பழகியிருந்தாள். பொடிப் பொய்க்குச் சொட்டு, பெரிய பொய்க்குக் கரண்டி. நலமாக இருக்கிறேன் என்று சொன்ன எவருக்கும் ஒன்றும் விழாமல் இருந்ததில்லை, அதுபோல ஒரு கரண்டிக்குமேல் விழுந்ததும் இல்லை. "ஒரு கரண்டிக்குள்ளதான் எல்லாரும் கிடக்காவ. உசிரு இருக்கில்லா, அதனாலதான்" என்று ஒரு நாள் சொன்னாள். "அவுகளுக்கும் அரைக் கரண்டின்னாலும் போதும் அண்ணாச்சி. கால் இல்லன்னா என்ன, நான் தூக்கிட்டுத் திரிய மாட்டனா?"

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள். பனி விலகாத காலை. ஜன்னல் வழியாகத் தேரி மணல் சிவப்பாக ஈரத்தோடு தெரிந்தது. செய்தி முடிந்து, வசை முடிந்து, பெயர் வாசிப்பு ஆரம்பமானது. வாசிப்பவன் நல்ல தமிழ்க்காரன், ழகரம் சுத்தமாக விழும், அந்தச் சுத்தத்துக்காகவே அவனைச் செருப்பால் அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். முதல் ஆள் மதுரை. இரண்டாவது ஆள் ஆற்காடு. மூன்றாவதாக, "திருநெல்வேலி ஜில்லா, நடுத்தேரி, ராமையா மகன் லிங்கத்துரை, பட்டாளத்துச் சமையல்காரர்" என்றான்.

பென்சில் நின்றது. பெயர் வாசிக்கும் நேரத்தில் முதல் முறையாகத் தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தேன். ஊரும் பெயரும் உண்மை, துணி காய்ந்திருந்தது. தங்கபுஷ்பம் தட்டின் விளிம்பைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு என்ன தெரியும். "என் மனைவி தங்கபுஷ்பத்துக்குச் சொல்லிக்கொள்வது" என்றான் அந்தக் குரல். ஹெட்போனுக்குள் என் காது கொதித்தது. "நான் நலமாக இருக்கிறேன்."

பெட்டி திறந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். துணி உப்பி, கிழிந்து, மஞ்சளாக, கொத்துக் கொத்தாக, தட்டில் விழுந்து தட்டை நிறைத்து, தரையில் விழுந்து, மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள் என்றபோது இன்னும் வந்து, விரைவில் சந்திப்போம் என்றபோது இன்னும் வந்து, அவள் ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்து வைக்க, அந்த வாளியில் பாதி நிறைந்த பிறகுதான் நின்றது. அடுத்தவன் பெயரை ஆரம்பித்தார்கள். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதற்குள்ளிருந்து குரல் கொசு மாதிரி பேசிக்கொண்டே இருந்தது.

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். கை முழங்கை வரைக்கும் மஞ்சள். முகத்தில் பயமில்லை, பரிதாபம் இருந்தது.

"அண்ணாச்சி, இது கரண்டிக் கணக்கில்லயே. செத்த ஆளை உசிரோட இருக்காருன்னுல்லா சொல்லுதான், சண்டாளப்பாவி." கரண்டியைத் தரையில் வைத்தாள். "எந்த வீட்டுப் பிள்ளையோ. அவ வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாளே. யாரு அண்ணாச்சி? பேரு வேண்டாம், எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குச் சட்டம் இருந்தது, சத்தியம் இருந்தது, நான்கு மாதமாக அவற்றின் பின்னால் ஒளிந்து பழக்கமும் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது இரக்கம் வந்துவிட்டது, அந்தப் பாழாய்ப்போன இரக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"தஞ்சாவூர்ப் பக்கம். மன்னார்குடியோ என்னமோ. நமக்குத் தெரியாத ஆளு."

சொல்லி முடித்ததும் உதட்டோரம் வெதுவெதுப்பாக இருந்தது. எச்சில் என்று நினைத்தேன். அது தாடையில் இறங்கியது. பலாச்சுளை வாடை, மிகப் பக்கத்தில். துரையின் கைக்குட்டை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் கையைத் தூக்குவதற்குள் தங்கபுஷ்பம் தட்டைத் தூக்கிவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. நான்கு மாத வேலைப் பழக்கம், எங்கே வடிந்தாலும் அவள் கை தட்டை நீட்டிவிடும். அதே பழக்கத்தில், தட்டில் கிடந்ததை வாளியில் கவிழ்த்துவிட்டு என் தாடைக்குக் கீழே பிடித்தாள். டப் என்று விழுந்தது.

தட்டில் கிடந்ததைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். வெளியே யாரோ அகலும் சட்டியுமாக வந்து, "தங்கபுஷ்பம், இன்னிக்கு நெறையவா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் திரும்பவில்லை.

"தங்கபுஷ்பம்" என்றேன். அதற்குமேல் பேசப் பயமாக இருந்தது. என்ன பேசினாலும் வடியும் என்று பயந்தேன்.

இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினாள். ஒரு பொட்டுப் படாமல் நான்கு மாதம் காப்பாற்றிய முந்தானை. அதனால் தட்டைத் துடைத்தாள், ஓரம், நடு, அடிப்பக்கம் எல்லாம் தகரம் மின்னும்வரைக்கும் நிதானமாகத் துடைத்தாள். துடைத்த தட்டை மறுபடியும் என் தாடைக்குக் கீழே கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். "லிங்கத்துரை செத்துட்டாவன்னு சொல்லுங்க."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"வேண்டாம்மா."

"சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் வாசகம் சொல்லிக் கொடுப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, விட்டுவிட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டேன், அவள் பார்க்கட்டும் என்று. அவள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒலிபரப்பு முடிந்து மேசைமேல் ஹெட்போன் இரைய ஆரம்பித்தது, வாசலில் நின்றவர்கள் சட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள், பனி விலகி வெயில் ஜன்னல் வழியாக வந்து தட்டில் விழுந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.